வீட்டுக்கு வந்த மேடம்

சோப்புக் கம்பெனியின் சோதனை அறையில் அவனுக்குப் பேர் நுரை. சோப்பு எவ்வளவு நுரைக்கிறது என்று பார்ப்பது அவன் வேலை, அதனால் கிடைத்த பட்டம். அந்த அறையின் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். மேடம் ஒரு கட்டியை மணிக்கட்டில் தேய்த்து முகர்ந்துவிட்டு வேண்டாம் என்றால் அன்றைய சரக்கு முழுக்கத் திரும்பக் கொப்பரைக்குப் போகும். அப்பீலே கிடையாது. அப்பேர்ப்பட்ட மேடத்தின் மகளைத்தான் நம்ம ஆள் காதலித்துக் கல்யாணமும் பண்ணிக்கொண்டான். தைரியம்தான், வேறென்ன சொல்ல.

தனியாக இருந்த மேடத்தை மகள் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். வந்தார். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. ஆபீசில் வாய் நிறைய மேடம் என்பவனுக்கு வீட்டில் என்னவென்று கூப்பிடுவது எனத் தெரியவில்லை. அத்தை என்று குளியலறைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தான், வந்தது. வெளியே வந்ததும் தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது. காலையில் தன் வேலையைக் கிழிகிழி என்று கிழித்தவரைச் சாயங்காலம் எப்படி அத்தை என்பது? அம்மா என்றால் நாடகம் போடுகிற மாதிரி இருந்தது. வீட்டுக்குள்ளும் மேடம் என்றால் பெண்டாட்டி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஆகவே ஒன்றுமே கூப்பிடாமல் காலத்தை ஓட்டினான். மேடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், இவன் பெண்டாட்டியிடம் உங்க அம்மா சாப்பிட்டாங்களா என்று கேட்பான். அவள் வீட்டில் இல்லையென்றால் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு ஒரு கனைப்பு. காபி ரெடி என்று அதற்கு அர்த்தம். இத்தனைக்கும் மேடம் வந்த பிறகுதான் வீடு வீடாகவே இருக்கிறது என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிகிறவன் அவன். சொல்ல வேண்டியவரிடம் மட்டும் வாயைத் திறக்க மாட்டான். என்ன ஜென்மமோ.

மேடம் ஓய்வு பெறும் நாளும் வந்தது. அன்று காலையில் பெண்டாட்டி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். அம்மா வேறு ஊரில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கே போய்விடப் போகிறாளாம். மாப்பிள்ளைக்கு நான் இருப்பது பிடிக்கவில்லை, பிடித்திருந்தால் இத்தனை நாளில் ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்க மாட்டாரா என்றாளாம். கேன்டீனில் நடக்கும் பிரிவுபசாரத்தில் அவனும் பேச வேண்டியிருந்தது. ஊரறிய மரியாதையாகச் சொல்லி இதைச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தான்.

மூளையைக் கசக்கிப் பிழிந்துகொண்டு மைக் முன்னால் போய் நின்றான்.

"எனது துணைவியாரின் மதிப்பிற்குரிய தாயார் அவர்களே" என்றான்.

கேன்டீனே கொல்லென்று சிரித்தது. மாமியார் என்று சொல்வதற்கு இத்தனை சுற்றா என்று பேக்கிங் பகுதியிலிருந்து ஒருத்தர் கேட்டார். மேடமும் சிரித்தார். ஆனால் அந்த முகம் ஒரு கணம் சுருங்கிப் போனதை அவன் பார்த்துவிட்டான். அதோடு பேச்சும் மறந்து போனது. நன்றி வணக்கம் என்று எதையோ உளறிவிட்டு இறங்கிவிட்டான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மேடம் பெட்டியைத் திறந்து வைத்துத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மகள் கட்டிலில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவன் வாசற்படியைத் தாண்டாமல் நின்றான். யோசித்து வைத்த மரியாதைச் சொல் ஒன்றும் வாயில் இல்லை.

"மேடம், போகாதீங்க."

பெண்டாட்டி சிரிக்கவில்லை.

"அத்தைன்னு கூப்பிட எவ்வளவோ முயற்சி பண்ணினேன் மேடம், வரல. எனக்கு உங்களை மேடம்னுதான் தெரியும். எங்க அம்மாவுக்கு அப்புறம் நான் பயந்ததும் உங்களுக்குத்தான், எனக்குப் பிடிச்சதும் உங்களைத்தான். நீங்க இல்லாம இந்த வீடு எனக்கு வேண்டாம்."

மேடம் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்திருந்தது. அதை மறைக்கவும் அவர் பார்க்கவில்லை.

"நானும்தான் வாங்க மாப்பிள்ளை, போங்க மாப்பிள்ளைன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிட்டேன்" என்றார். "வீட்டுல ஒரு தடவையாவது உன்னைத் திட்டணும்னு எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமாப்பா?"

"திட்டுங்க மேடம்."

"ஈரத் துண்டைக் கொண்டுவந்து கட்டில் மேல போடுறியே, யாருப்பா உனக்குச் சொல்லிக் குடுத்தது? மெத்தையெல்லாம் நாறுது."

அவன் ஓடிப்போய்த் துண்டை எடுத்துக்கொண்டு வந்து, சாரி மேடம் என்று சந்தோஷமாக நின்றான். மகள் பெட்டியிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் வைக்க ஆரம்பித்தாள். மேடம் அடுத்து அவனுடைய செருப்பைப் பற்றி ஆரம்பித்தார்.