ஜப்பான்காரியின் வாழ்த்து

என் வீட்டுக்காரர் இந்திரகுமார் நான்கு டயர் வைத்த ஒரு டிவி வாங்கினார். அவர் அதைக் கார் என்பார். ஜப்பானில் யாரோ ஓட்டிவிட்டு விற்றது. முன்னால் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு திரை. ஏசி, ரேடியோ எல்லாம் அதற்குள்தான். பிடித்துத் திருக ஒரு குமிழ் கிடையாது. எழுத்து முழுக்க ஜப்பான் எழுத்து.

"பட்டனெல்லாம் பழைய ஆளுங்களுக்கு" என்பார், வாசிக்கத் தெரியாத திரையைத் தடவிக்கொண்டே.

கிளப்பியதும் உள்ளேயிருந்து ஒரு ஜப்பான்காரி இனிமையாக ஏதோ சொல்வாள். "பயணம் நல்லபடியா அமையட்டும்னு வாழ்த்துறா" என்று தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்தவரும் இவர்தான். என் மாமியார் மூக்காயி அந்தக் குரலைக் கேட்டதும் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

போன ஐப்பசியில், கொட்டுகிற மழையில், நிறைமாதமாக இருந்த என் தங்கை சசிக்கு வலி கண்டது. கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"சந்தியில ஆஸிக் நானாவோட த்ரீவீல் நிக்கும். கூப்பிடுவோங்க" என்றேன்.

"காரு இருக்கறப்ப த்ரீவீலா? மானம் போயிரும் புள்ள."

சசியை முன் சீட்டில் சாய்த்து உட்கார வைத்தோம். நானும் மாமியாரும் பின்னால். ரப்பர் மலை இறக்கத்தில், முதல் வளைவிலேயே முன் கண்ணாடி ஆவி படிந்து வெளுத்துவிட்டது. இவர் திரையைத் தொட்டார். ரேடியோ அலறியது. இன்னொன்றைத் தொட்டார். மேப் வந்தது, அதன்படி நாங்கள் நடுக்கடலில் இருந்தோம். மறுபடி தொட்டார்.

"அக்கா, சீட்டு சுடுது!" என்று சசி கத்தினாள்.

காரை நிறுத்தினார். ஒரு பக்கம் பள்ளம், எதுவும் தெரியவில்லை.

"பக்கத்துக் கண்ணாடியயாவது எறக்குங்க. ஆவி போகும்."

"சாரல் அடிக்கும். ஸ்க்ரீன் நனஞ்சிரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை பெறப்போகிறவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள், இந்த மனுஷனுக்குத் திரை நனையக் கூடாதாம். நானே ஆஸிக் நானாவுக்கு ஃபோன் போட்டேன்.

வந்தார். சசியைத் தாங்கித் த்ரீவீலில் ஏற்றினோம். அது திரும்ப இடம் விடவேண்டும் என்று இவர் காரைக் கிளப்பினார். ஜப்பான்காரி பேசினாள். அந்த மழையிலும் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எதுக்கம்மா அதக் கும்புடுறீங்க?" என்றார் ஆஸிக் நானா.

"வாழ்த்துறாளே, தம்பி."

"வாழ்த்தா? கார்ட் போடல்லண்டு செல்லுறா! அங்க பெரிய ரோட்டுல போறத்துக்குச் சல்லி, காசு கட்டுற கார்ட். நான் ஜப்பான்ல கார் யாட்ல வேல செஞ்சி ஈந்தவன்."

மாமியார் த்ரீவீலில் ஏறி, சசியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலை மிதித்துக் கொஞ்ச நேரத்தில் பெண் பிள்ளை பிறந்தது. இருவரும் சுகம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு அழைத்துப்போகும் நாளில் இவர் காரைக் கழுவி, திரையைப் பளபளவென்று துடைத்துக்கொண்டு வந்து நின்றார். மாமியார் சசியின் பிள்ளையை அணைத்தபடி வெளியே வந்தார்.

"கார்ட் போட்டாச்சாடா?"

"அம்மா, அது வந்து..."

"அந்தப் பொம்பள மொத நாள்ல இருந்து உண்மையத்தான் சொல்லியிருக்கா. பொய் சொன்னவன் நீதான்டா."

சொல்லிவிட்டு ஆஸிக் நானாவின் த்ரீவீலில் ஏறினார். சசியும் நானும் பின்னாலேயே ஏறினோம்.