டோக்கன் 114: நிராகரிப்புக்கான காரணம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதை எழுதும் ஆசையில் இதை ஆரம்பிக்கவில்லை. திவாலான ஒரு மாம்பழக்கூழ் ஆலையின் தொழிலாளர் பட்டியலில் 'குறிப்பு' என்றொரு கட்டம் இருக்கிறது. 114ஆம் டோக்கனுக்கு நேரே அதில் நான் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி வரவில்லை. அதற்குப் பதிலாக இது வந்துகொண்டிருக்கிறது.

நான் வக்கீல். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள். சென்னையில், திவால் வழக்குகளைப் பார்க்கும் ஒரு தீர்வு நிபுணரிடம் ஜூனியர். ஒரு கம்பெனி கடனைக் கட்ட முடியாமல் விழுந்தால் தீர்ப்பாயம் அதை எங்கள் சார் கையில் ஒப்படைக்கும். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று மனு வாங்கி, சரிபார்த்து, பட்டியல் போடுவது எங்கள் வேலை. வங்கியின் மனு பைண்டு செய்து வரும். தொழிலாளியின் மனு நாலாக மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்த ஈரத்தோடு வரும்.

2

முதல் தொடக்கத்தை இப்படி எழுதினேன்:

'கலைமதி மாரண்டஹள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஆலையின் புகைபோக்கி'

அடித்துவிட்டேன். கலைமதி யார்? அப்படி ஒருத்தி கிடையாது. இறங்கியது நான், யுவராணி. எனக்குப் பதில் இன்னொருத்தி பேரைப் போட்டால் எழுதச் சௌகரியமாக இருக்கும். ஆனால் இந்தக் கதையே ஒருத்தியின் பேருக்குள் இன்னொருத்தி பதினோரு வருஷம் ஒளிந்திருந்ததைப் பற்றியது. இதை எழுத நானும் ஒளிந்துகொண்டால் வெட்கக்கேடு.

இரண்டாவது தொடக்கம்: 'அம்மாவின் கையில் எப்போதும் மாம்பழ வாசனை'

இதையும் அடித்தேன். பொய். அம்மாவின் கையில் இருந்தது புண். பழச்சாறு விரலிடுக்கையெல்லாம் அரித்து வைத்திருக்கும். சீசனில் அவளால் சோற்றைப் பிசைய முடியாது. கரண்டியால் சாப்பிடுவாள், "பாரு, துரைசாணி" என்று சிரிப்பாள். வாசனை என்று ஒன்று இருந்தால் அது மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்த வாசனை. (எனக்கு அது இப்போது வேண்டும். சென்னை விடுதி அறையில் மஞ்சளும் எண்ணெயும் குழைத்து வைத்துப் பார்த்தேன். வரவில்லை. இந்த அடைப்புக்குறியைப் பிறகு எடுத்துவிடலாம்.)

3

நடந்தது இது.

எங்கள் பக்கத்து வீட்டு குள்ளம்மாள்தான் ஆலையில் ஆள். டோக்கன் 114. நான் ஏழாவது படிக்கும்போது அவர் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. தினமும் வேலைக்குப் போனால் அவரைப் பார்க்க ஆளில்லை. போகாவிட்டால் டோக்கன் போய்விடும். அதனால் ஒரு வாரம் குள்ளம்மாள் பெரியம்மா, மறுவாரம் என் அம்மா தீர்த்தம்மாள், ஒரே டோக்கனில். வீட்டில் இருப்பவர் அந்த மனுஷனுக்கும் எனக்கும் சோறு போடுவார். சம்பளம் நேர் பாதி. ஒரு நாள்கூடச் சண்டை வந்ததில்லை.

காலையில் கேட்டில் சூப்பர்வைசர் பேர் கூப்பிடுவார். "குள்ளம்மாள்" என்றால் அம்மா "இருக்கேங்க" என்பாள். அவருக்கும் தெரியும். "எனக்கு ரெண்டு கையி வந்தாப் போதும், யாரு கையின்னு நான் எதுக்குப் பாக்கறேன்" என்பாராம்.*

* இவருடைய மனுவும் வந்திருக்கிறது. ஒரு பிழை இல்லை. ஏற்றுக்கொண்டாயிற்று.

குள்ளம்மாளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. ஆகவே வருகைப் பதிவேட்டில் 114க்கு நேரே ஒரு வாரம் கையெழுத்து, மறுவாரம் கட்டைவிரல் ரேகை. ஆலை மூடி, எங்கள் சார் வந்து புரட்டும் வரை அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

4

போன வாரம், மனு கொடுக்கக் கடைசி நாள். ஆலையின் எடைமேடை அறையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தோம். சார் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.

"இங்க பாரும்மா. ஒரே ஆள், இந்த வாரம் சைன், அடுத்த வாரம் ரேகை. பேங்க் வக்கீல் பாத்தா விடுவாரா?"

"என்ன சார் பண்றது?"

"கூழ் வேலைதானே, கையில புண்ணு கிண்ணு இருந்திருக்கும். பேனா புடிக்க முடியாம ரேகை வெச்சிருப்பாங்க. அப்படின்னு ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கிடு, ஏத்துக்கலாம். இல்லேன்னா ரிஜெக்ட். ஒரு வரி காரணம் எழுதிடு. வேணும்னா தீர்ப்பாயத்துக்குப் போகட்டும்."

"இங்கேருந்து மெட்ராசுக்கு யாரு சார் போவாங்க?"

"அதான்" என்றார் சார்.

இந்த 'அதான்' எங்கள் தொழிலின் பாதி சாமர்த்தியம். சட்டத்தில் கதவு இருக்கிறது என்று காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். நடந்து வர முடியாத தூரத்தில் இருந்தால் அது நம் தப்பு இல்லை.

சாரைக் கெட்டவராக எழுத இரண்டு முறை முயன்றேன். நிற்க மாட்டேன் என்கிறார். புண் என்று அவரே யோசித்தது இரக்கத்தில்தான். புண் உண்மையும்கூட. விரல்தான் வேறு.

(சட்டம் தெரியாதவர்களுக்கு: ஆலையை எடுத்து நடத்த யாரும் வராவிட்டால் விற்றுப் பிரிப்பார்கள். முதலில் எங்கள் ஆபீஸ் செலவு, அதில் குறை வைக்க மாட்டார்கள். அடுத்த வரிசையில், தொழிலாளியின் கடைசி இருபத்து நான்கு மாதப் பாக்கியும் அடமானத்தை விட்டுக்கொடுத்த வங்கியின் கடனும் சமமாக நிற்கும். வங்கியும் என் அம்மாவும் ஒரே வரிசையில். அந்தச் சட்டப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம் அது ஒன்றுதான். ஆனால் வரிசையில் நிற்க ஒரு பேர் வேண்டும்.)

5

கேட்டுக்கு வெளியே, சாய்ந்து கிடந்த பழக்கூடைகள்மேல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சார் கேட்டதைச் சொன்னேன்.

"அவ்ளோதான? புண்ணுன்னு சொல்றேன். எங்க கையெழுத்துப் போடோணும் காட்டு" என்றார் குள்ளம்மாள்.

அம்மா முகத்தைத் திருப்பி கேட்டைப் பார்த்தாள்.

"ஏன்டி தீர்த்தா, மூஞ்சி அப்புடிப் போவுது? வர்றதுல பாதி உனக்குத்தான். மாதேசுரன் மேல ஆணையா."

"காசு யாருக்கா கேட்டா?"

"பின்ன என்னாடி?"

"அந்த ரேகை என்துக்கா. ஒருக்கா எம்பேரச் சொல்லிக் கூப்புடட்டும். நான் இருக்கேங்கன்னு சொல்லோணும்."

"ரேசன் கடையில கூப்புடறான்ல. அங்க போயிச் சொல்லிக்க."

அம்மாவும் சிரித்துவிட்டாள். பிறகு மை இல்லாத கட்டைவிரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"நெசத்த எழுதுனா என்னா ஆவும் யுவா?"

"ரெண்டு பேரும் தனித்தனியா மனு போடலாம். ரேகை வாரமெல்லாம் உன்து, கையெழுத்து வாரமெல்லாம் பெரிம்மாது. ஆனா ரெண்டும் தள்ளுபடி ஆனாலும் ஆவும். அது மட்டுமில்லம்மா. ஒரு டோக்கன்ல ரெண்டு ஆளுன்னா, பதிவேடே பொய்யின்னு பேங்க் வக்கீலு பேசுவாரு. பட்டியல்ல இருக்கற நூத்தி எண்பத்தேழு பேருதையும் இழுத்து வுட்டுருவாங்க."

"பொய்யி எங்க வந்துச்சு? வேல செஞ்சமே."

"செஞ்சீங்க."

"நான் உனக்கு யாருன்னு உங்க சாருக்குத் தெரியுமா?"

6

இந்த இடத்தில் மூன்று நாள் நின்றுவிட்டேன். அம்மா அப்படிக் கேட்காத மாதிரி ஒரு பிரதி வைத்திருக்கிறேன். அதில் நான் நல்லவளாகத் தெரிகிறேன். அதை உங்களுக்குக் காட்டப் போவதில்லை.

தெரியாது. சாரிடம் சொல்லவில்லை. இந்தக் கோப்பு கைக்கு வந்த அன்றே 'இதில் என் அம்மா இருக்கிறாள், எனக்கு இது வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அதுதான் விதி. கோப்பு போய்விடும் என்று பயந்தேன். இல்லை, அதுவும் முழு உண்மை கிடையாது. ஆபீஸில் எல்லோருடைய அப்பாக்களும் ஆடிட்டர்கள். என் முதல் பட்டதாரி சான்றிதழில் அப்பா பேர் இருக்கிறது, அவர் குடித்துச் செத்தவர். அந்தப் பட்டத்துக்குப் பணம் கட்டிய கட்டைவிரல் எந்தக் காகிதத்திலும் இல்லை, ஆலைப் பதிவேட்டைத் தவிர. அதையும் இன்னொருத்தியின் விரல் என்று எழுதப் போகிறவள் அவள் பெற்ற வக்கீல்.

7

முடிவுகளைச் சொல்கிறேன்.

ஒன்று. பிரமாணப் பத்திரம் தயார். 'என் கையில் புண் இருந்தபடியால்' என்று நன்றாகவே எழுதியிருக்கிறேன், இந்தக் கதையைவிடச் சுத்தமான நடை. குள்ளம்மாள் கையெழுத்துப் போடுவார். பணம் வந்தால் பாதியை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுப்பார். நூற்று எண்பத்தேழு பேருக்கும் ஒன்றும் ஆகாது. அம்மா கோபப்பட மாட்டாள். ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டாள், அதுதான்.

இரண்டு. எழுந்து போய் சாரிடம் சொல்கிறேன். "சார், அந்த ரேகை எங்கம்மாது." என்னைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுவார், வேலையிலிருந்தும் எடுக்கலாம். அம்மாவுக்குத் தனி மனு போடுவேன், தள்ளினால் நானே தீர்ப்பாயத்தில் நிற்பேன். அங்கே ஒரு நாள் ஒருவர் 'தீர்த்தம்மாள்' என்று சத்தமாகக் கூப்பிடுவார். ஜெயிப்பேனா, தெரியாது. மற்ற நூற்று எண்பத்தாறு பேர் என்னை மன்னிப்பார்களா, அதுவும்

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை.

இன்று மறுபடி அதே எடைமேடை அறை. மணி நாலே முக்கால். ஐந்துக்குப் பட்டியலை மூட வேண்டும். சார் உள்ளிருந்து, "நூத்திப் பதினாலு யாரும்மா, கூப்பிடு" என்கிறார். கேட்டருகே இரண்டு பேரும் எழுந்து நிற்கிறார்கள். அம்மா சேலையை இழுத்துவிட்டுக்கொள்கிறாள்.

என்னால் கூப்பிட முடியவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், நீங்கள் கூப்பிடுங்கள். பட்டியல் இதோ. ஒரு விஷயம் மட்டும். எந்தப் பேரைச் சொன்னாலும் அம்மா "இருக்கேங்க" என்று சொல்லிவிடுவாள். பதினோரு வருஷப் பழக்கம். அதனால் பார்த்துக் கூப்பிடுங்கள்.

டோக்கன் நூற்றுப் பதினான்கு, ____________