கூடுதலாக ஒரு ஒய்

ஏழு வயது மகனின் பள்ளிப் பையைக் கட்டில்மேல் கவிழ்த்து, அடித்தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தார் காவலர். பதினான்கு வருடமாகச் சிறை வாசலில் அவர் பார்க்கும் வேலை அதுதான். பையை உதறு, சட்டைப்பையைத் தட்டு, காலுறை வரை பார்த்து உள்ளே அனுப்பு.

"நாலு நாளா என்னங்க தேடுறீங்க?" மனைவி கதவருகே நின்றாள்.

"பிளேடு கிளேடு ஏதாவது..."

"இவன் ஒரு எறும்பைப் பாத்தாலே நாற்காலி மேல ஏறி நிக்கிறான். இவன் பிளேடு தூக்குவானா?"

பேச்சு சரளமாக வரவில்லை, வகுப்பில் எல்லோரையும்விட ஒரு சாண் உயரம் என்று மகனைக் காட்டப்போன ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ஆண்பிள்ளைகளுக்கு வழக்கமாக ஓர் எக்ஸ் குரோமோசோம், ஓர் ஒய் குரோமோசோம். இவனுக்கு ஒய் இரண்டு. பயப்பட ஒன்றுமில்லை, பேச்சுப் பயிற்சி போதும் என்றுதான் சொன்னார்கள். காவலர்தான் போனில் துழாவினார். அந்தக் காலத்தில் சிறைகளில் இப்படிப்பட்டவர்கள் அதிகம் இருந்ததாக ஓர் ஆராய்ச்சி. 'சிறை' என்ற சொல்லுக்குப் பிறகு அவர் எதையும் படிக்கவில்லை.

அன்றிலிருந்து நெட்டையான கைதிகளை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். 'ஒட்டகம்' என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவன் பொறுக்கமுடியாமல் கேட்டே விட்டான்.

"என்ன சார், பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குறீங்க? பிடிச்சிருந்தா வீட்ல பேசச் சொல்லவா?"

வரிசையே சிரித்தது. பக்கத்துக் கைதி, பெண் மாதிரி வெட்கப்பட்டுக் காட்டினான். அவன் குள்ளம். உள்ளே வந்தது கொலைக்காக.

மதியம், சிறை டாக்டரிடம் போய் நின்றார். யாருக்கு என்று சொல்லாமல் விஷயத்தைக் கேட்டார். டாக்டர் ஊசிகளை எண்ணியபடியே பேசினார்.

"சிறைக்குள்ள போய்த் தேடினாங்க, சிறைக்குள்ள கிடைச்சுது. பள்ளிக்கூடத்துல, பஸ் டிப்போவுல தேடியிருந்தா அங்கயும் கிடைச்சிருக்கும். ஆயிரம் ஆம்பளைக்கு ஒருத்தர்யா. முக்காவாசிப் பேருக்குத் தனக்கு இருக்குன்னே தெரியாது."

"அப்ப குத்தம் பண்ண மாட்டாங்களா?"

"அதை யாரைப் பாத்தும் சொல்ல முடியாது. உங்களைப் பாத்தும் சொல்ல முடியாது." டாக்டர் நிமிர்ந்து, ஆறடிக் காவலரை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், யாருக்கு?"

காவலர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "என் பையனுக்கு" என்றார்.

சாயங்காலம் அவர் வீட்டுக் கதவைத் திறந்தபோது மகன் கூடத்தில் காத்திருந்தான். பையைத் தானே தரையில் கவிழ்த்து வைத்திருந்தான். அப்பாவைப் பார்த்ததும் சுவர் பக்கம் திரும்பி, கைகளை விரித்து, கால்களை அகட்டி நின்றான். நாலு நாளில் பழகிவிட்ட ஒழுங்கு.

காவலர் தொப்பியைக் கழற்றினார். மகனுக்குப் பக்கத்தில், அதே சுவரைப் பார்த்து, அவரும் கைகளை விரித்து நின்றார்.

"இன்னிக்கு நீ என்னை செக் பண்ணுடா."

பையன் நம்பமுடியாமல் திரும்பிப் பார்த்தான். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டான்.

"கா... காலை... அகட்டு."

அகட்டினார். சிறிய விரல்கள் அவர் இடுப்பில் தொடங்கி, காற்சட்டைப் பையைத் தட்டி, முழங்காலைத் தாண்டி, காலுறைக்குள் மெதுவாக நுழைந்தன. கூசியது. சுவரில் நெற்றியை வைத்தபடி, அசையாமல் நின்றார்.