ஒரு மணிக்குள் இரண்டு கையெழுத்து

கம்பெனியில் அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு ‘டபுள்செக்’ என்று பெயர். ஒரு திருகை முடுக்கினால் தொட்டுப் பார்ப்பான். பத்தடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பான். கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். ஆனால் தங்கள் வீட்டார் ஏறி இறங்கும் லிஃப்டை மட்டும் டபுள்செக்தான் பார்க்க வேண்டும் என்று ரகசியமாக வந்து கேட்டுக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட ஆள்தான், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை எட்டு மணிக்கு, பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்த மிஷின் ரூமில் நின்றபடி, மனைவி இரண்டு வருடமாகச் சேர்த்த படிப்புப் பணத்தை போனிலேயே மொத்தமாக வழித்தெடுத்து வீட்டுக் கடனில் போட்டான்.

துணிச்சலில் செய்த காரியம் இல்லை, பயத்தில் செய்தது. பாங்கிலிருந்து கடிதம் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஜனவரி முதல் வட்டி ஏறுகிறது, மாதத் தவணையும் ஏறும். டிசம்பர் இருபத்து நான்கு மதியம் ஒரு மணிக்குள் கூடுதலாக எவ்வளவு கட்டினாலும் அதை அசலில் கழித்துக்கொண்டு புதுத் தவணையைப் போடுவார்கள். அதற்குப் பிறகு வருவது அடுத்த வருடக் கணக்கு. கடிதத்தைப் படித்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கயிறு அறுந்து லிஃப்ட் விழுந்துவிடும் என்று அவன் ஒருநாளும் பயந்ததில்லை. கயிற்றுக்கு மேல் கயிறு, பிரேக்குக்கு மேல் பிரேக் என்று அதற்கு ஆயிரம் காப்பு உண்டு. தவணைக்கு என்ன காப்பு இருக்கிறது?

மனைவியிடம் கேட்கலாம் என்று இரண்டு தடவை வாய் வரை வந்தது. மென்று விழுங்கிவிட்டான். கேட்டால் மாட்டேன் என்பாள். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு முழு நியாயமும் உண்டு. பெரிய மருந்துக் கடை ஒன்றில் பதினோரு வருடமாக உதவியாளராக நிற்கிறாள். மருந்தாளுநர் படிப்புக்கு இரண்டு தடவை விண்ணப்பித்து, மூன்றாவது தடவைதான் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் நாற்பத்தெட்டாயிரத்து நானூற்று ஐம்பது. இருபத்தேழாம் தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் போய்விடும். அடுத்த சேர்க்கை இரண்டு வருடம் கழித்துத்தான். ஞாயிற்றுக்கிழமைகளைக் கடைக்குக் கொடுத்து, அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருந்தாள். கணக்கு இருவர் பேரிலும் இருந்தது. அவளாகத்தான் அவன் பேரையும் சேர்க்கச் சொன்னாள்.

அவன் போட்ட திட்டம் சுலபமானது. இருபத்தாறாம் தேதி கம்பெனி போனஸ் வரும். வந்ததும் எடுத்த இடத்தில் எடுத்ததை வைத்துவிடலாம். தவணையும் குறையும், படிப்பும் நடக்கும், யாருக்கும் தெரியாது. அவள் வேலை நேரத்தில் போனைக் கடை லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவாள். மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணிக்குத்தான் எடுப்பாள். பாங்கிலிருந்து குறுஞ்செய்தி வந்தால்கூட, ஏதாவது சொல்லிப் பூசி மெழுகிவிடலாம் என்று நினைத்தான்.

பத்தே முக்காலுக்கு சூப்பர்வைசர் போன் செய்தார்.

“டபுள்செக், உன்கிட்ட நேர்லயே சொல்லணும்னு பார்த்தேன். போனஸ் இந்த மாசம் இல்லப்பா. மார்ச்சுக்குத் தள்ளிட்டாங்க.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்தான். எனக்கும்தான். என்ன பண்றது சொல்லு.”

என்ன பண்றது என்று அவனுக்கும் தெரியவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிரீஸ் படிந்த துணியால் ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான். மார்ச்சில் பணம் வந்து என்ன புண்ணியம்? இருபத்தேழாம் தேதி காலை அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கட்டணத் தாளை விரிப்பாள். கணக்கில் சுழியம் இருக்கும்.

சாப்பாட்டு மேஜை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வீடு வாங்கிய ஒன்பது வருடத்தில் பெரிய தொகை எதையும் அவர்கள் தனித்தனியாக அனுப்பியதே இல்லை. அவள் எண்களை மும்மூன்றாகப் படிப்பாள், மருந்துச் சீட்டு வாசிக்கிற அதே குரலில். அவன் போனில் தட்டுவான். பிறகு அவன் திரையைப் பார்த்துத் திருப்பிப் படிப்பான், அவள் தாளில் விரல் வைத்துச் சரிபார்ப்பாள். “சரியா இருக்கு” என்று அவள் சொன்ன பிறகுதான் அனுப்புவது. அவர்களுடைய பெண் எண் கற்றுக்கொண்டதே கடன் கணக்கு எண்ணைக் கேட்டுத்தான். மூன்று வயதில் அதைப் பாட்டாகப் பாடி விருந்தாளிகளைத் திகைக்க வைப்பாள். இன்று காலை படிக்க ஆளில்லை. அவனே படித்து அவனே தட்டினான். மிஷின் ரூமில் மோட்டார் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

பதினொன்றரைக்குப் பாங்குக்கு ஓடினான். சிவப்புக் கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி கணினியைத் தட்டிப் பார்த்தாள்.

“இன்னும் கடன்ல ஏறல சார். இன்னைக்கு வந்ததையெல்லாம் ஒரு மணிக்கு மொத்தமா ஏத்துவோம். அதுக்கு முன்னாடின்னா நிறுத்தலாம்.”

“அப்போ நிறுத்திடுங்க, அம்மா.”

“கடன் ரெண்டு பேர் பேர்ல இருக்கே. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்.” ஒரு தாளை எடுத்து நீட்டினாள். “ஒரு மணிக்குக் கதவைச் சாத்திருவோம். அப்புறம் ரெண்டு நாள் லீவு, இருபத்தேழுதான்.”

தாளில் தொகைக்குக் கீழே ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. ‘மேற்கண்ட தொகை தவறுதலாக அனுப்பப்பட்டது என்று உறுதி கூறுகிறோம்.’ கீழே இரண்டு கோடுகள்.

“மனசு மாறிடுச்சுன்னு எழுத இடமில்லையா?”

“மனசு மாறினா திருப்பித் தர மாட்டாங்க சார். தப்பா வந்திருந்தா மட்டும்தான்.” கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள். “தப்பாத்தானே அனுப்புனீங்க?”

“ஆமா,” என்றான்.

மருந்துக் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு பத்து. விடுமுறை வருகிறதென்று ஊரே மருந்து வாங்க வந்திருந்தது. வாசலில் டோக்கன் மெஷின். அவன் ஒன்றைக் கிழித்தான்: எண்பத்தேழு. பலகையில் எழுபத்திரண்டு ஓடிக்கொண்டிருந்தது. நேராகப் போய்க் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அவள் சொந்த மாமியாரையே டோக்கன் எடுத்துட்டு வாங்கத்தே என்று திருப்பி அனுப்பியவள். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு வரிசையில் நின்றான். நின்றதற்கு உண்மைக் காரணம், அவள் முன்னால் போய் நிற்கப் பயம். இந்த வயதில் பெண்டாட்டியிடம் பேசுவதற்கு டோக்கன் எடுத்து நிற்கிறவன் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

நிற்கும்போதே பொய்யைச் சரி பார்த்தான். விரல் தவறிவிட்டது. வழக்கமான தவணை கட்டப் போனேன், கணக்கு மாறிவிட்டது, தொகை மாறிவிட்டது. சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் அவனுக்கே நிஜம் போலப் பட ஆரம்பித்தது. எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது. ஒரு கிழவர் அவளிடம் தன் மாத்திரைகளை ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டு நின்றார். மணி பன்னிரண்டு இருபத்தைந்து.

அப்போது அவள் நிமிர்ந்து பார்த்தாள். வேலை நேரத்தில், அழுக்குச் சட்டையோடு, வரிசையில் நிற்கிற புருஷனைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கிழவரை அப்படியே விட்டுவிட்டுக் கவுண்டரைச் சுற்றி ஓடி வந்தாள்.

“பாப்பாவுக்கு என்ன ஆச்சு?”

“பாப்பா நல்லா இருக்கா. யாருக்கும் ஒண்ணும் இல்ல.”

அவள் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். ஒரு நொடி சிரிக்கக்கூடச் செய்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. வாயைத் திறக்காமல் தாளை நீட்டினான்.

அவள் எதையும் விரல் வைத்துத்தான் படிப்பாள். வாக்கியத்தின் கடைசி வரை விரல் போயிற்று. பிறகு மேலே, தொகைக்கு வந்தது. அங்கேயே நின்றது.

“விரல் தவறிடுச்சும்மா. தவணை கட்டலாம்னு போனேன், கணக்கு மாறி...”

“நாப்பத்தெட்டாயிரத்து நானூத்தி அம்பது,” என்றாள் மெதுவாக, மும்மூன்றாகப் படிக்கிற அதே குரலில். “கடைசி அம்பது வரைக்கும் சரியா எடுத்திருக்கீங்க. விரல் தவறினா இப்படியா விழும்?”

ஒரு மணி நேரமாகச் செதுக்கிய பொய் ஒரு நிமிடம் தாங்கவில்லை.

“வட்டி ஏறுதுன்னு பயந்துட்டேன். போனஸ் வந்ததும் போட்டுடலாம்னு இருந்தேன். போனஸ் இல்லேன்னுட்டாங்க. உன்கிட்ட கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவே.”

“நான் வேண்டாம்னு சொல்லுவேன்னு தெரியும்,” என்றாள்.

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் கேக்கல.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பின்னால் யாரோ, “என்னங்க, வரிசை நகருமா நகராதா?” என்றார்கள். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். தாளைச் சுவரில் வைத்துப் பிடித்தாள். எழுதவில்லை.

“இந்த மருந்து, இந்த அளவு, இந்த ஆளுக்குத்தான் கொடுத்தேன்னு ஒரு நாளைக்கு நூறு கையெழுத்துப் போடுறேங்க,” என்றாள். “பதினோரு வருஷத்துல ஒண்ணுகூடப் பொய் இல்ல.”

பிறகு போட்டாள். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு அவனைப் பார்க்காமலே, “போங்க, பன்னெண்டே முக்கால் ஆகப் போகுது,” என்று சொல்லிவிட்டுக் கிழவரிடம் திரும்பிப் போனாள். அவர் விட்ட இடத்திலிருந்து மறுபடி கேட்க ஆரம்பித்தார்.

பாங்குக் கதவைப் பாதி சாத்தியிருந்தார்கள். மணி பன்னிரண்டு ஐம்பத்தாறு. சிவப்புக் கண்ணாடி அம்மாள் தாளை வாங்கி, இரண்டு கையெழுத்தையும் பார்த்து, முத்திரை குத்தினாள்.

“நிறுத்தச் சொல்லி அனுப்பிடறேன். நின்னுச்சா இல்லையான்னு இருபத்தேழு காலையிலதான் தெரியும் சார்.”

மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவன் வீட்டுக்குள் திருடன் மாதிரி நடமாடினான். ஃபிரிட்ஜின் மேல் வைத்த சின்ன மரத்துக்குப் பெண் வண்ணக் காகிதம் சுற்றினாள், விளக்குச் சரம் போட்டாள், பரிசைப் பிரித்துக் குதித்தாள். மனைவி எல்லாவற்றுக்கும் சிரித்தாள். அவனிடமும் சாப்பிட வாங்க, அந்தக் கிண்ணத்தை எடுங்க என்று வழக்கம்போலத்தான் பேசினாள். பணத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அவன் சமையலறை வாசலில் எத்தனை தடவை போய் நின்றிருப்பான். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவான். பணம் நிற்கவில்லை என்றால் என்ன செய்வது என்று ஒரு பயம் இருந்தது. நின்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று இன்னொரு பயமும் இருந்தது. இரண்டாவதுதான் பெரியதாக இருந்தது.

இருபத்தேழாம் தேதி காலை ஒன்பது ஐந்துக்கு இருவர் போனும் ஒரே நேரத்தில் ஒலித்தன. பணம் திரும்பிவிட்டது. கடைசி ஐம்பது வரைக்கும் திரும்பிவிட்டது. அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொள்ள வெட்கமாகவும் இல்லை. அவள் சமையலறையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கட்டணத் தாளை எடுத்து மேஜையில் விரித்தாள்.

அவன் அவசரமாக நாற்காலியை நகர்த்தி அவளுக்கு எதிரே போட்டுக்கொண்டான். இது அவள் கட்டணம். அவள் தட்டட்டும், நான் படிக்கிறேன் என்று தாளைத் தன் பக்கம் இழுத்தான். அவள் தாளின் மேல் கை வைத்தாள். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் வைத்தாள். தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

உதடு மட்டும் அசைய, மும்மூன்றாக அவளே படித்து அவளே தட்டினாள். பெண் விளையாடிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, “அப்பா திருப்பிப் படிக்கலையா?” என்றாள். மனைவி தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். விரல் ஒவ்வொரு எண்ணிலும் நின்று நகர்ந்தது. “சரியா இருக்கு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அனுப்பினாள்.

அவன் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“ஒண்ணாம் தேதி லோன் தவணை இருக்கு,” என்றான். “ஏறின தவணை. நீ நம்பர் படிப்பியா?”

அவள் கட்டணத் தாளை நான்காக மடித்தாள்.

“பாக்கலாம்,” என்றாள்.