குரல் உயர்ந்த பிறகு

தையல் ஃபேக்டரியில் அவளை ஒரு லைனுக்கு சூப்பர்வைசர் ஆக்கியபோது, பக்கத்து மெஷினில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த தோழிதான் முதலில் கைதட்டினாள். "தலைகால் புரியாம ஆடினேன்னு வை, வாயைத் தச்சுடுவேன்" என்று சிரித்தாள்.

அவள் ஆடவில்லை. ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்துத்தான் வேலை கொடுத்தாள். கண் சிவந்திருந்தால் விசாரிப்பாள். தோள் வலிக்கிறவளைப் பட்டன் பக்கம் மாற்றுவாள். வேலையிலும் குறை இல்லை. ஆனாலும் மேனேஜர் கூப்பிட்டார்.

"லைன் நடத்தறீங்களா, குடும்பம் நடத்தறீங்களா? குனியக் குனியத்தான் குட்டுவாங்க. பொம்பளைக்கு இது சரிப்படாதுன்னு வெறும் வாயை மெல்லறவங்களுக்கு நீங்களே அவல் குடுத்துடாதீங்க."

அடுத்த லைன் சூப்பர்வைசரும் இப்படித்தான் விசாரிப்பார், மாற்றிவிடுவார். அவர் ஆம்பளை. அவரைத் தங்கமான மனுஷன் என்றார்கள்.

அன்றோடு குரலை உயர்த்தினாள். கேட்பதை விட்டுவிட்டு ஏவ ஆரம்பித்தாள். முதுகுக்குப் பின்னால் பிடாரி என்றார்கள். மேனேஜர் மட்டும் மெச்சினார்.

ஒருநாள் மேனேஜர் பக்கத்தில் நிற்கையில் தோழி எழுந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"வயிறு ரொம்ப வலிக்குது. வீட்டுக்குப் போகட்டுமா?"

அவள் கை தானாக நீண்டது. மேனேஜரைப் பார்த்தாள், கையை இழுத்துக்கொண்டாள்.

"லோடு கிளம்பட்டும், அப்புறம் பாக்கலாம். போய் உக்காரு."

தோழி போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் மேலேயே சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. தவமாய்த் தவமிருந்து இப்போதுதான் தங்கிய கரு, கலைந்துவிட்டது.

"ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சொல்லணும்னு தினமும் வருவேன்" என்றாள் தோழி. "உன் மூஞ்சியைப் பாத்துட்டுத் திரும்பிடுவேன்."

"நான் வேணும்னு..."

"தெரியும். நீ அனுப்பியிருந்தாலும் பொழைச்சிருக்குமான்னு டாக்டருக்கே தெரியல. உன்மேல கோபமும் இல்ல." தோழி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். "என்னை அடுத்த லைனுக்கு மட்டும் மாத்திடு. உன்கிட்ட வேலை பாக்க பயமா இருக்கு."

"மாத்திடறேன்" என்றாள்.

உடம்பு தேறி வந்த தோழி அடுத்த லைனிலேயே உட்கார்ந்தாள். இடையில் ஒரு நடைபாதைதான். இவள் பார்க்கும்போதெல்லாம் அவள் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள்.