கண்ணாடியின் சொரசொரப்பான பக்கம்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடையில் கிடைத்தது. முழுதாக அல்ல, ஒன்றரை வாக்கியமாக. வேறொரு கதையை நகல் எடுக்கப் போயிருந்தேன் (அதை எந்தப் பத்திரிகையும் போடவில்லை, விடுங்கள்). கடை மூலையில் பழைய இயந்திரம் ஒன்று வயிறு பிளந்து கிடந்தது. இதற்கு என்ன ஆயிற்று என்று பேச்சுக்குக் கேட்டேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர் ஒருவர் வந்து லென்ஸை மட்டும் கழற்றிக்கொண்டு போனதாகக் கடைக்காரர் சொன்னார். எதற்காம் என்றேன்.

"பொண்டாட்டிய ஒரு படம் எடுக்கணுமாம். அதுக்குள்ள..."

அந்த நேரம் பார்த்து ஒரு கல்லூரிக் கும்பல் உள்ளே நுழைந்தது. வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

எதற்குள்? மறுநாள் போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை. உண்மை தெரிந்துவிட்டால் எனக்குக் கை ஓடாது. ஆகவே இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. அந்த மனிதர் எப்போதாவது இதைப் படிக்க நேர்ந்தால் என்னை மன்னிக்க வேண்டும்.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: "அவர் குப்பையிலிருந்து ஒரு கண்ணைச் செய்யத் தொடங்கினார்." அடித்துவிட்டேன். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் செய்தது பெட்டி.

அடுத்தது: "அறுவை சிகிச்சைக்கு இன்னும் மூன்று வாரமே இருந்த நிலையில், அவர் மனைவி—" இதுவும் வேண்டாம். வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி நோயைச் சொல்வது மரியாதை இல்லை.

மூன்றாவது இருக்கட்டும்:

ஆஸ்பத்திரியில் அவரை எலும்புக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருட்டறையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். ஊரில் பாதிப் பேரின் விலா எலும்பைப் பார்த்திருக்கிறார், முகம்தான் ஞாபகம் இருக்காது. அவருக்கு ஞாபகம் இருந்த ஒரே முகம் மனைவியுடையது. அந்த முகம் நான்கு வருடம் முன்பு மாறியது. தாடையில் கட்டி வந்து, அறுத்து எடுத்தார்கள். இடது கன்னம் உள்ளே போயிற்று. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. காதிலிருந்து கழுத்துவரை தழும்பு.

இப்போது கட்டி திரும்ப வந்திருக்கிறது. இந்த முறை எலும்பையே எடுத்தாக வேண்டும், எழுந்து வரும்போது முகம் வேறாக இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுந்து வருவதைப் பற்றியே அவர் உறுதியாகச் சொல்லவில்லை. மனைவி அழவில்லை. அறுவை சிகிச்சைக்கு முன்னால் இப்போதைய முகத்தை ஒரு படம் எடுத்து வைக்கச் சொன்னாள்.

எலும்புக்காரர் கைப்பேசியில் எடுத்தார். கைப்பேசிக்கு நல்ல மனது. கேட்காமலேயே கன்னத்தை நிரப்பி, தழும்பை மழித்து, தோலுக்குப் பளபளப்பும் ஏற்றிக் கொடுத்தது. அமைப்புகளில் போய் எதை எதையோ அணைத்துப் பார்த்தார். அப்போதும் கொஞ்சம் உதவி செய்யாமல் அதனால் இருக்க முடியவில்லை. மனைவி வாங்கிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கா. யாருங்க இவ?" என்றாள். பிறகு, "இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான் நாலு வருஷம் தெருவுல நடந்தேன். இதுதான் எனக்கு வேணும்," என்றாள்.

எதையும் திருத்தத் தெரியாத ஒரு படப்பெட்டி வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

3.

(இந்தப் பகுதியை முதலில் நான்கு பக்கம் எழுதினேன். திருகாணிகளின் மேல் எனக்கு வந்த ஆசை உங்களுக்கும் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. சுருக்குகிறேன்.)

பெட்டிக்கு ஓர் உடைந்த மேசையின் இழுப்பறைகள் இரண்டு. முன்னது லென்ஸுக்கு, பின்னது படத்தகட்டுக்கு. இரண்டும் நெருங்கவும் விலகவும், கணினி மேசையின் விசைப்பலகைத் தட்டு ஓடிய இரும்புச் சட்டம். நடுவே மடிப்பு மடிப்பாகத் துருத்தி. அதைப் பழைய குடைகளின் கறுப்புத் துணியில், உள்ளே அட்டைக் கீற்றுகள் ஒட்டிச் செய்தார். படத்தகட்டுக்கு அவர் எங்கும் அலையவில்லை. ஆஸ்பத்திரி எப்போதோ கணினிக்கு மாறிவிட்டதால், காலாவதியான எக்ஸ்ரே பிலிம் ஒரு பெட்டி கிடங்கில் தூசி தின்றுகொண்டிருந்தது. தகட்டை வைக்க ஒரே ஒரு உறை செய்தார். இரண்டாவது செய்ய நாள் போதவில்லை.

கடைசியாக, சொரசொரப்பான கண்ணாடி. லென்ஸ் அனுப்பும் பிம்பம் வந்து உட்கார அது வேண்டும். அந்தப் பிம்பம் கூர்மையாகத் தெரியும்வரை பெட்டியை நகர்த்திவிட்டு, கண்ணாடியை எடுத்து, அதே இடத்தில் பிலிமை வைக்க வேண்டும். புகைப்படச் சட்டத்திலிருந்து ஒரு கண்ணாடியைக் கழற்றினார். மெக்கானிக் கடையிலிருந்து வால்வு தேய்க்கும் பசை வாங்கி வந்தார்.

தனக்கும் ஒரு வேலை கொடுக்கச் சொல்லி மனைவி கேட்டாள். கண்ணாடியைத் தேய்த்தது அவள்தான். பசையைத் தடவி, மேலே சின்னக் கண்ணாடித் துண்டை வைத்து, வட்டம் வட்டமாக மதியம் முழுவதும் தேய்த்தாள். ஒரு பக்கம் பனி படிந்தது மாதிரி ஆயிற்று. மறுபக்கம் வழவழப்பாகவே இருந்தது.

ஒரு கரண்டியையும் செய்தித்தாளையும் வைத்துச் சோதனை எடுத்தார். ஒவ்வோர் எழுத்தும் கூராக விழுந்தது. அன்று இரவு இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

4.

இங்கே ஒரு சிக்கல்.

மனைவியின் அக்காவை நான் முதலில் எழுதவே இல்லை. எக்ஸ்ரே பிலிம் சாதாரண வெளிச்சத்துக்குச் சோம்பேறி*, படம் விழக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை தலை அசையக் கூடாது. போன அறுவை சிகிச்சைக்குப் பிறகு மனைவியின் கழுத்து லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். ஆக, பின்னால் நின்று தலையைப் பிடித்துக்கொள்ள இரண்டு கைகள் தேவைப்பட்டன. கைகள் என்று வந்தால் ஆள் வேண்டும். பாத்திரங்கள் எங்கிருந்து பிறக்கிறார்கள் என்று பெரிய எழுத்தாளர்கள் என்னென்னவோ சொல்கிறார்கள். இவள் பிறந்தது ஒரு கழுத்து ஆடியதால்.

வந்தவள் சும்மா இருந்தாளா? துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். எந்தச் சட்டையை யார் போட்டுக்கொண்டு வந்தாலும் "உங்களுக்குன்னே தச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிப் பழகிய வாய். தங்கை வீட்டில் வந்து தங்கிய நாளிலிருந்து சமையலறை அவள் கையில். பெட்டியைப் பார்த்து, வாடகைக்கு விடலாமே தம்பி என்று எலும்புக்காரரைக் கிண்டல் செய்தாள். தங்கையிடம் எப்போதும் ஒரே பாட்டு: "ஒண்ணும் ஆகாதுடி. போயிட்டு வந்து என்னைத் திட்டத்தான் போற."

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. இவ்வளவு தெம்பு ஒரு கதைக்கு ஆகாது. இரண்டு தரம் வெட்டினேன். இரண்டு தரமும் மனைவியின் தலை ஆடியது. திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

* சிவப்பு வெளிச்சமோ அதன் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் சிவப்பு விளக்கில் கழுவலாம்.

5.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் காலை. ஜன்னலில் நல்ல வெளிச்சம். எதிரே நாற்காலி.

இப்போது எலும்புக்காரர் செய்யப்போவதை நான் தடுத்திருக்கலாம். பேனா என் கையில்தான் இருந்தது. ஆனால் அவர் வேறெதுவும் செய்ய மாட்டார்.

எக்ஸ்ரே மேசையில் குறுக்குக் கோடுகள் இருக்கும். உடம்பை அந்தக் கோட்டில் பொருத்தாமல் அவர் வாழ்க்கையில் ஒரு படமும் எடுத்ததில்லை. வெறும் கண்ணாடியில் முகத்தைப் பொருத்த அவருக்குக் கை வரவில்லை. ஒரு கூட்டல் குறி போட்டால் தாடை எங்கே வர வேண்டும் என்று தெரியும். பென்சில் சொரசொரப்பான பக்கத்தில்தான் எழுதும். அந்தப் பக்கமோ லென்ஸைப் பார்த்து உள்ளே இருந்தது. ஆகவே கண்ணாடியைக் கழற்றினார், திருப்பி மாட்டினார், தன் பக்கம் வந்த சொரசொரப்பில் அளவுகோல் வைத்து இரண்டு கோடு இழுத்தார். மனதுக்கு நிம்மதியாயிற்று.

கறுப்புப் போர்வைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். மனைவி தலைகீழாக, தழும்பும் குழிந்த கன்னமுமாக, தெள்ளத் தெளிவாக இருந்தாள். போர்வைக்கு உள்ளே அவர் அழுதார். வெளியே வந்தபோது முகத்தைத் துடைத்திருந்தார்.

அக்கா நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று தங்கையின் தலையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பின்னாடி நிக்கறதால மங்கலாத்தான்க்கா விழுவீங்க. எப்படி வேணா நில்லுங்க."

"நல்லதாப் போச்சு. தலைகூட வாரல," என்றாள் அக்கா.

கண்ணாடி இருந்த இடத்தில் பிலிம் உறையைச் செருகினார். லென்ஸுக்கு மூடியாக இருந்த பவுடர் டப்பா மூடியைத் தொட்டதும் பழக்க தோஷத்தில் வாய் தானாகச் சொல்லிற்று: "மூச்சைப் பிடிங்க. அசையாதீங்க."

மனைவிக்குச் சிரிப்பு வந்திருக்கும். சிரிக்கவில்லை. லென்ஸை நேராகப் பார்த்தாள். யாருக்கும் எதற்கும் சமாதானம் சொல்லாத பார்வை.

"ஆச்சு. மூச்சு விடுங்க."

அந்தச் சில நொடிகளும் நான் மனைவியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றவளுக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. நீங்களும் அவளைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

6.

குளியலறை ஜன்னலை அட்டை வைத்து அடைத்து, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு தகட்டைக் கழுவினார். கழுவி முடித்து, காய வைத்து, முன்னறை ஜன்னலுக்கு எடுத்துக்கொண்டு வந்தார். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும் படத்தைப் படிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மனைவியின் முகம் கலங்கியிருந்தது. தழும்பு இல்லை. கன்னத்தின் குழி கரைந்து, முகம் நிரவி, சாந்தமாக இருந்தது. கைப்பேசி செய்த அதே காரியத்தைப் பெட்டியும் செய்திருந்தது.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. கண்ணாடியின் மேல் நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்தார், அவ்வளவுதான். பிம்பம் உட்காருவது சொரசொரப்பின் மேல். கண்ணாடியைத் திருப்பி மாட்டியதால், சொரசொரப்பு அதன் தடிமன் அளவுக்குப் பின்னால் தள்ளிப் போயிருந்தது. பிலிம் நின்றதோ பழைய இடத்தில், லென்ஸுக்கு அந்த அளவு கிட்டே. பிலிம் கிட்டே வந்தால், தூரத்தில் இருப்பதுதான் கூராக விழும். அந்தச் சின்ன வித்தியாசம் போதும். எதிரே இருந்தவள் கலங்கிவிட்டாள். ஒரு முழம் பின்னால் நின்றவள் கூராக விழுந்துவிட்டாள்.

ஆம், அக்கா. ரவிக்கையின் நூலிழையை எண்ணலாம். வாராத தலையின் ஒவ்வொரு முடியும் தனியாகத் தெரிந்தது. மங்கலாகத்தான் விழுவோம் என்று நம்பி, கடையிலும் வீட்டிலும் போட்டுக்கொண்டிருந்த முகத்தைக் கழற்றி வைத்திருந்தாள். லென்ஸை அவள் பார்க்கவில்லை. தன் இரு கைகளுக்கு நடுவே இருந்த தங்கையின் உச்சந்தலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒண்ணும் ஆகாது என்று நாளெல்லாம் சொன்ன வாய் லேசாகத் திறந்திருந்தது. தங்கையைப் பறிகொடுத்துவிட்டவளின் முகம் அது. அவ்வளவு பாசத்தோடு ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து நான் எழுதியதில்லை.

(எழுதியதில்லைதான். நானும் அவரைப் போலவே மனைவியின் மேல் கோடு போட்டுக் குறி வைத்துக்கொண்டிருந்தேன். வெட்டப் பார்த்தது இவளை.)

7.

முடிவுகள்.

அ) இன்னொரு படம் எடுக்கிறார். எழுதிப் பார்த்தேன். வெயில் எதிர்க் கட்டிடத்துக்குப் பின்னால் போய்விட்டது. வலி மாத்திரையில் மனைவி தூங்குகிறாள். நாளை வெளிச்சம் வருமுன் வண்டி வந்துவிடும். சூரியனை என்னால் தள்ளிப்போட முடியவில்லை.

ஆ) பிலிம் பழசு, படம் விழவில்லை என்று பொய் சொல்கிறார். யாருக்கும் கஷ்டமில்லாத முடிவு. அக்காவின் தெம்பை நம்பிக்கொண்டே மனைவி நாளைக்குப் போகலாம். எனக்கும் இதுதான் பிடித்திருந்தது. மூன்றாவது பத்தியில் மனைவி விழித்துக்கொண்டு—

இ) எல்லாம் நல்லபடியாக முடிந்து, வீடு திரும்பி, நான்காம் மாதம் படத்தை எல்லோருமாகப் பார்த்துச் சிரிக்கிறார்கள். டாக்டரே தராத உறுதியை நான் எப்படித் தருவது?

மனைவி விழித்துக்கொண்டாள். நடந்தது அதுதான். அவர் தகட்டை மறைக்கப் போவதற்குள் முன்னறைக்கு வந்து கையை நீட்டினாள். கொடுத்தார். சமையலறையில் அக்கா பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது.

மனைவி அதை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். திருப்பினாள். சாய்த்துப் பார்த்தாள். கறுத்த முகங்களும் வெளுத்த கூந்தலுமாக இருந்ததில் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"படிச்சுச் சொல்லுங்க," என்றாள்.

எக்ஸ்ரே எடுக்கிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. படத்தில் என்ன தெரிந்தாலும் எடுத்தவர் சொல்லக் கூடாது, முகத்திலும் காட்டக் கூடாது. எத்தனை பேர் கெஞ்சினாலும் எலும்புக்காரரிடம் ஒரே பதில்தான். நான்கு வருடம் முன்பு மனைவியின் தாடையைப் படம் எடுத்ததும் அவர்தான். அன்றும், அந்த வெள்ளைப் புள்ளியைப் பார்த்த பிறகும், அதையேதான் சொன்னார்.

"டாக்டர் சொல்வாருன்னு இந்தத் தடவையும் சொல்லிடாதீங்க."

அவர் வாயைத் திறந்தார்.

"என் முகம் வந்திருக்கா? பின்னாடி அக்காதானே? அவ எங்க பாக்கறா?"

இதற்கு மேல் அவர் வாயில் வைக்க என்னிடம் சொல் இல்லை. விடிவதற்குள் இவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். படத்தை அவரோடு சேர்ந்து நீங்களும் பார்த்துவிட்டீர்கள், பார்க்கவில்லை என்று இனிச் சொல்ல முடியாது. அவள் கேட்டுவிட்டு நின்றுகொண்டிருக்கிறாள். சொல்லுங்கள், அதில் என்ன தெரிகிறது?