சிலுப்பும் மயில்

ஆடிச் சாரல். தெரு முழுக்க ஈரம். அந்த ஈரத்தில் பச்சையும் நீலமுமாக வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது.

மேலே, மூங்கில் சட்டத்தில், மாடி உயரத்துக்கு ஒரு மயில். சீரியல் பல்பாகக் கட்டிக் கட்டி முப்பிடாதி செய்த மயில்.

ஊரில் அம்மன் கொடைத் திருவிழா. எந்தக் கொடைக்கும் பல்பு அலங்காரத்துக்குப் படம் வரைந்து போடுவது அவள் புருஷன் கோமதிநாயகம். பல்பு கட்டுவது மட்டும் இவள். இந்த மயிலைத்தான் முதல்முதலாக இவளே போட்டாள். நல்லா வந்தா இனிமே நீயே போடு என்று அவன் சொல்லியிருந்தான். அதைச் சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இறகு இறகாக விரிய வேண்டும். நிற்க வேண்டும். மடங்க வேண்டும். கன்ட்ரோல் பெட்டியில் அப்படித்தான் அமைத்திருந்தாள். அப்படியே விரிந்தது. அப்படியே மடங்கியது. பட்டாளத்துக்காரன் மாதிரி விறைப்பாக ஒரு மயில். என்ன குறை என்று மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.

அம்மன் சப்பரம் தெருமுனைக்கு வருகிற நேரம் பார்த்து, பெட்டிக்குள் சாரல் இறங்கிவிட்டது.

கழுத்து அணைந்தது. கால் எரிந்தது. தோகையில் இங்கொரு கண், அங்கொரு கண். நீலம் படபடவென்று உச்சிக்கு ஏறி, தயங்கி, சரசரவென்று கொட்டியது. முப்பிடாதி பெட்டியிடம் ஓடினாள்.

கமிட்டித் தலைவர் பால்துரை குடையோடு வந்து நின்றார்.

"என்னம்மா, மயிலுக்குக் குளிர்காய்ச்சலா? சாமி வாரதுக்குள்ள சரிபண்ணு. இல்லன்னா அணைச்சிரு."

கோமதிநாயகம் வேனிலிருந்து வேறு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பழைய பெட்டியின் வயரை உருவ வேண்டியதுதான் பாக்கி. உருவப் போனவள் நிமிர்ந்து பார்த்தாள்.

ஏறியது. கொட்டியது. ஏறியது.

அட, இது நனைந்த மயில். மழை விட்டதும் வயக்காட்டில் நின்று தோகையைச் சிலுப்புமே, அந்த மயில். அவள் கட்டிக் கட்டி அவிழ்த்தும் வராத உயிர், பெட்டி கெட்டதும் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. இவ்வளவு சந்தோஷம் அவள் எந்தக் கொடையிலும் பட்டதில்லை.

"ஏளா, வயர உருவு" என்றான் கோமதிநாயகம்.

"மாட்டேன். இதுதான் என் மயிலு."

"கமிட்டில ஏசுவாங்க."

"ஏசட்டும்."

சப்பரம் வந்தேவிட்டது. முன்னால் மேளம். தவில்காரர் அண்ணாந்து பார்த்தார். அடித்த கை நின்றது. நீலம் ஏற ஏறத் தவிலை உருட்டிப் பார்த்தார். அது பாதியிலேயே கொட்டி அவரை ஏமாற்றியது. சிரித்துக்கொண்டு மறுபடி உருட்டினார். மறுபடியும் ஏமாந்தார். அடுத்த முறை அது கொட்டும் இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார். தெருவே ஓவென்று கத்தியது.

நாதஸ்வரம் சேர்ந்துகொண்டது. சப்பரம் சுமந்தவர்கள் தோளை அசைத்தார்கள், அம்மனும் ஆடினாள். பால்துரை குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தார். அணைப்பதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

கோமதிநாயகம் புதுப் பெட்டியை வேனில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான்.

"அடுத்த கொடைக்கு என்ன படம் போடப்போற?"

அவள் மேலே கையைக் காட்டினாள். மயில் அப்போது உச்சிக்கு ஏறி, கொட்டாமல் நின்றது. தவில்காரரின் கை அந்தரத்தில் நின்றது. தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பிறகு கொட்டியது. சாரலோடு சாரலாக, எல்லார் தலையிலும்.